முதல் இடிமழைக்குப் பூக்கும் கிழங்குகள்

மாசி மாதம் முடியும்போது நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மலைகளில் மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழுந்து குறைந்துவிடும். பீலியில் தண்ணீர் நூலாக வடியும். லயத்து வாசலில் புல்லுகூட மஞ்சளித்துக் கிடக்கும். பிறகு பங்குனியில் ஒரு நாள் பின்னேரம் இடி இடித்து முதல் மழை கொட்டும். அது கழிந்து மூன்று நான்கு நாளில் கான் ஓரத்திலும் படிக்கட்டுச் சந்திலும் ரோஸ் நிறத்தில் பூக்கள் எழும்பி நிற்கும். இலைகூடச் சரியாக வந்திருக்காது, பூ முந்திவிடும். "யாரு நட்டா இத?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எப்போதோ ஒரு ஆத்தா ஊன்றி வைத்திருப்பார். அவர் போய்ப் பல வருஷமாகியும் பூ மட்டும் மழை தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு மழை லில்லி என்று பெயர். அடியில் இருப்பது சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு. இந்த மாதிரி, ஒரு தடவை நட்டால் போதும், தானே தூங்கித் தானே விழித்துத் தானே குட்டி போட்டுப் பெருகும் கிழங்குப் பூக்களைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். காசு செலவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு இதைவிட லேசான பூந்தோட்டம் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. தானே பெருகும் செடி, நாம் மறந்த பிறகும் அங்கேயே இருக்கும். அதனால் எதை நடுவது என்பதைவிட எங்கே நடுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறோம்.

கிழங்கு ஏன் தூங்குகிறது?

ஒரு வெங்காயத்தைக் குறுக்காக நறுக்கிப் பாருங்கள். அடுக்கு அடுக்காக இருக்கும். பூக்கிழங்கும் அப்படித்தான். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சாப்பாட்டுப் பானை. இலை வெயிலில் சமைத்ததெல்லாம் இந்த அடுக்குகளில் போய்ச் சேருகிறது. நடுவில், கண்ணுக்குத் தெரியாத அளவில், வரப்போகிற பூவின் மொட்டு உட்கார்ந்திருக்கும். மேலே எல்லாம் காய்ந்து செத்துப்போன மாதிரி தெரிந்தாலும் உள்ளே உயிர் இருக்கிறது. நல்ல காலம் வந்ததும் புதிதாகச் சமைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இருப்பை எடுத்து உடனே பூத்துவிடலாம்.

இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளிலும் இதே கதைதான். அங்கே பனிக்காலம் முடியுமுன்பே ஸ்னோடிராப் என்கிற சின்ன வெள்ளைப்பூ மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அடுத்து குரோக்கஸ், பிறகு மஞ்சள் நிற டஃபோடில். மரங்களில் இலை விடுவதற்கு முன்னால், வெயில் தரையில் விழுகிற அந்தக் கொஞ்ச நாளுக்குள் இவை பூத்து, சமைத்து, சேமித்து முடித்துவிடும். பழைய தேவாலய வளவுகளிலும் புல்வெளிகளிலும் தலைமுறை தலைமுறையாக யாரும் தொடாமலே கூட்டம் கூட்டமாக நிற்கும்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் சிலபேர் அழகான படம் ஒட்டிய பெட்டியில் டியூலிப் கிழங்கு கொண்டுவருகிறார்கள். விலையும் அதிகம். கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, வேண்டாம் என்றுதான். டியூலிப்புக்குப் பூ எழும்ப வேண்டுமானால் கிழங்கு சுமார் 12 முதல் 16 வாரம், 9 பாகை செல்சியஸுக்குக் குறைவான குளிரில் தொடர்ந்து கிடக்க வேண்டும். நுவரெலியாவில் தை மாதத்தில் சில இரவுகள் புல்லில் பனி உறைந்தாலும், வருஷத்துச் சராசரி சுமார் 16 பாகை. பகலில் நன்றாக வெயில் அடிக்கிறது. அந்தக் கிழங்குக்கு இது குளிராகவே படாது. கடையில் ஏற்கனவே குளிரூட்டி விற்றிருந்தால் ஒரு தடவை பூக்கும். அடுத்த மழையில் அழுகிவிடும்.

நம்ம மலைக்கு வேறு கணக்கு. அங்கே கிழங்கைக் குளிர் தூங்க வைக்கிறது என்றால் இங்கே வறட்சி தூங்க வைக்கிறது. அங்கே வெப்பம் எழுப்புகிறது, இங்கே மழை எழுப்புகிறது. ஆகவே மழைக்கும் வறட்சிக்கும் பழகின நாடுகளிலிருந்து வந்த கிழங்குகள்தான் நம்மிடம் நிற்கும். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, தென் ஆபிரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்த மலையில் குடியேறியவை அவை. தேயிலையும் அப்படி வெளியிலிருந்து வந்ததுதானே.

நம்மிடம் நிற்கும் கிழங்குகள்

முதலில் மழை லில்லி. ரோஸ், வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிறம் உண்டு. ரோஸும் மஞ்சளும் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வெள்ளை வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். அதன் இலை ஒல்லியாக, உருண்டையாக, வெங்காயத்தாள் மாதிரியே இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு பேச வேண்டியிருக்கிறது.

நடுவது சுலபம். முள்ளால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கி, பத்துப் பன்னிரண்டு கிழங்கை ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று மூன்று அங்குலம் விட்டு, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தனித்தனியாக ஒவ்வொன்றை அங்குமிங்கும் நட்டால் பூத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கூட்டமாக நட்டால்தான் அழகு. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. இரண்டு மூன்று வருஷத்தில் ஒவ்வொரு கிழங்கும் குட்டி போட்டு இடம் நிறைந்துவிடும். பூ முடிந்த பிறகு மூன்று அறை கொண்ட சின்னக் காய் வரும். அது வெடிக்கும்போது உள்ளே கறுப்பாக, மெல்லிய தகடு போல விதை இருக்கும். காயவைத்துப் பெட்டியில் பூட்டி வைத்தால் முளைக்கும் பலம் சீக்கிரம் போய்விடும். அன்றைக்கே மண்ணில் தூவி லேசாக மூடிவிடுங்கள்.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். சட்டியில் நட்டு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வீட்டில் இது அதிகம் பூப்பதில்லை. "நான் புள்ள மாதிரி பாக்குறேன், பூக்கவே மாட்டேங்குது" என்று குறைப்படுவார்கள். அந்தக் கவனிப்புதான் தடை. சில வாரம் காயப்போட்டுவிட்டு, பிறகு ஒரே தடவையாக நன்றாக நனையவிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டு தெரியும்.

இரண்டாவது அமரில்லிஸ். பெரிய கிழங்கு, ஒரு பம்பாய் வெங்காயம் அளவுக்கும் அதற்கு மேலும் வரும். தடித்த வெறும் தண்டு எழும்பி, அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி இரண்டு முதல் நான்கு பூ. பழைய பங்களாத் தோட்டங்களில் காண்பது பெரும்பாலும் செம்மஞ்சள் நிறம், தொண்டைப் பக்கம் வெள்ளையும் பச்சையும் கலந்த நட்சத்திரம் இருக்கும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் சனம் கூடுகிற சமயம்தான் இதற்கும் காலம்.

இதை ஆழமாகப் புதைக்கக்கூடாது. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுதாக மூடினால் மழைக்காலத்தில் கழுத்து வழியே தண்ணீர் இறங்கி அழுகும். மட்டமான இடத்தைவிடச் சரிவின் மேல் ஓரம் நல்லது. இதற்கு ஒரு புழு எதிரி உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி போட்ட கம்பளிப்புழு. கூட்டமாக வந்தால் ஒரே ராத்திரியில் இலையைச் சூறையாடிக் கிழங்கின் கழுத்து வரை தின்றுவிடும். மருந்து அடிக்கத் தேவையில்லை. காலையில் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் போதும். இரண்டு நாள் விட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும், முட்டை பொரித்துப் புதிதாக வந்திருக்கும்.

மூன்றாவது ஆரம் லில்லி. வெள்ளைப் புனல் போன்ற பூ, நடுவில் மஞ்சள் குச்சி. கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஈரம் பிடிக்கும். பீலிக்கரையில் தண்ணீர் வழிகிற இடத்தில் மற்றக் கிழங்குகள் அழுகும்போது இது செழிக்கும். ஆனால் ஓடைக்கரையில் மட்டும் நடாதீர்கள். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும், கிழங்கின் துண்டை வெள்ளம் இழுத்துப்போகும். மேற்கு அவுஸ்திரேலியாவில் தோட்டத்திலிருந்து தப்பி ஓடைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பிடித்துக்கொண்ட செடி இது. வாடிய பூவைக் காய் கட்டுமுன் கிள்ளிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தானே பெருகுவது எல்லாம் நல்லதில்லை என்பதற்கு இன்னொரு உதாரணம் மொன்பிரேஷியா. வாள் போன்ற இலை, செம்மஞ்சள் நிறத்தில் வரிசையாகச் சின்னப் பூ. 1880ஆம் ஆண்டளவில் பிரான்சில் தோட்டத்துக்காக ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது. மண்ணுக்குள் கிழங்குக்கு மேல் கிழங்காகச் சங்கிலி கட்டும். இழுத்தால் அறுந்து, விடுபட்ட ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். அது அங்கே அவ்வளவு பெருகிப்போனதால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் அதை வெளிக்காட்டில் நடுவது சட்டப்படி குற்றம். காடு தொட்டு நிற்கிற மலையில் குடியிருக்கிறவர்கள் இதை நடாமல் இருப்பதே நல்லது.

கிளாடியோலஸ், டேலியா எல்லாம் கிழங்குதான் என்றாலும் அவற்றைத் தோண்டி, பிரித்து, திரும்ப நட்டுப் பராமரித்தால்தான் நன்றாகப் பூக்கும். இங்கே நாம் பேசுவது சும்மா விட்டாலும் நிற்பவற்றை.

இலையை அறுக்காதீர்கள்

பூ முடிந்ததும் இலை நீண்டு, சாய்ந்து, அலங்கோலமாகக் கிடக்கும். வாசல் கூட்டுகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கும். சிலபேர் சுத்தமாக இருக்கட்டும் என்று முடிச்சுப் போட்டும் வைப்பார்கள். இரண்டும் தவறு.

கவ்வாத்துக்கு முன்னால் தேயிலைச் செடிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு விடுவது ஏன் என்று நம்ம ஆட்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்காமல் விட்டால் இலை சமைத்த மாச்சத்து வேரில் போய்ச் சேரும். வேரில் இருப்பு இருந்தால்தான் வெட்டிய செடி திரும்பத் துளிர்க்கும். இருக்கிறதா என்று வேரை நறுக்கி அயடின் விட்டு நிறம் பார்ப்பதும் உண்டு. பூக்கிழங்குக்கு இலையை வெட்டுவது, ஓய்வு விடாமல் கவ்வாத்து அடிப்பது மாதிரி. செத்துவிடாது. ஆனால் அடுத்த மழைக்கு இலை மட்டும் வரும், பூ வராது. அமரில்லிஸில் இதை எண்ணியே பார்க்கலாம். கிழங்குக்குள்ளே ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில்தான் மொட்டு உண்டாகிறது. இலை குறைந்தால் பூவும் குறையும். ஆகவே இலை தானாக மஞ்சளித்துக் காயும்வரை விடுங்கள். காய்ந்த இலை இழுத்ததும் கையோடு வந்துவிடும்.

உரம் பற்றியும் ஒரு வார்த்தை. தேயிலைக்குப் போடும் உரத்தில் கொஞ்சம் கொண்டுவந்து பூச்செடிக்கும் போடுகிற பழக்கம் இருக்கிறது. தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, அதனால் அந்த உரத்தில் நைட்ரஜன்தான் தூக்கல். பூக்கிழங்குக்குப் போட்டால் இலை கரும்பச்சையாகப் புதர் போல வளரும், கிழங்கு இளகி அழுகலுக்கு இடம் கொடுக்கும். நன்றாக மக்கிய மாட்டெருவும் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

வெங்காயமும் இல்லை, சேம்பும் இல்லை

இனி, எங்கே நடுவது என்ற கேள்வி. 2022இல் சாமான் விலை ஏறியபோது லயத்தைச் சுற்றி ஒரு சாண் நிலம்கூட விடாமல் மரக்கறி போட்டவர்கள் நிறையப் பேர். லீக்ஸ், வெங்காயத்தாள், சேம்பு, வத்தாளங்கிழங்கு எல்லாம் பூச்செடிக்கு நடுவிலேயே நிற்கிறது. இங்கேதான் ஆபத்து.

மழை லில்லி, அமரில்லிஸ், டஃபோடில் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் கிழங்கிலும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. எலிகள் பெரும்பாலும் இவற்றைத் தொடாமல் விடுவது அதனால்தான். மனிதர் தின்றால் கொஞ்ச நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம். 2009இல் இங்கிலாந்தில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் தோட்டத்து வெங்காயத்தில் சூப் வைத்தபோது ஒரு டஃபோடில் கிழங்கும் கலந்துவிட்டது. குடித்த பிள்ளைகள் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. ஆசிரியர்கள் கூட இருந்தும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாயந்தரம் இருட்டுகிற நேரத்தில், கறி அடுப்பில் கொதிக்கும்போது, "பின்னால போய் ரெண்டு வெங்காயத்தாள் கிள்ளிட்டு வா" என்று சின்னப் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இது நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மூக்குதான் நல்ல பரிசோதகர். இலையையோ கிழங்கையோ நசுக்கி மோந்து பாருங்கள். வெங்காய வாசமோ உள்ளி வாசமோ வரவில்லை என்றால் அது சட்டிக்குள் போகக்கூடாது. ஆனால் ஏற்கனவே வெங்காயம் நறுக்கிய கையால் மோந்தால் எல்லாமே வெங்காயமாகத்தான் மணக்கும்.

ஆரம் லில்லியின் இலை பார்வைக்குச் சேம்பு மாதிரி. இதில் இருப்பது வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற உப்புத் துகள்கள். சரியாக வேகாத சேம்பு தொண்டையில் அரிக்கிறதே, அதேதான், ஆனால் பலமடங்கு. கடித்த உடனே வாய் எரியும், உதடு நாக்கு வீங்கும். வாயைத் துடைத்து, தண்ணீரில் கொப்பளித்து, குளிர்ந்த பால் அல்லது தண்ணீர் கொடுக்கலாம். தொண்டை வீங்கி மூச்சு விடச் சிரமப்பட்டால் ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது யாரும் நடாமலே வேலியில் ஏறும் கார்த்திகைப்பூ. சிங்களத்தில் நியங்கலா. உயர்ந்த குளிர் மலைகளில் குறைவு, கீழே இறங்க இறங்க அதிகம். தீ நாக்கு மாதிரி மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும், வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இந்த நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. அதில் உள்ள நஞ்சு கொல்சிசின். அவித்தாலும் போகாது. தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகுதான் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதனால் "ஒண்ணும் ஆகல, விடு" என்று இருந்துவிடக்கூடாது. தின்றது தெரிந்தால், நோய் தெரியுமுன்பே கொண்டுபோக வேண்டும்.

எந்தக் கிழங்கானாலும் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்ற செடியில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாதை மோசமான மேல் டிவிசனில் இருப்பவர்கள் கிடைக்கிற த்ரீவீலரில் ரோட்டுக்கு இறங்கிக்கொண்டே அடிக்கலாம். டொக்டர்மாருக்கு ஆலோசனை சொல்லக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சு பற்றிய தகவல் நிலையம் இருக்கிறது, நாம் கொண்டுபோகும் அந்தத் துண்டு அவர்களுக்கு உதவும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டாம். பூவை வாசல் பக்கம், மரக்கறியைப் பின்பக்கம் என்று பிரித்தாலே போதும். நடுவில் நடைபாதையோ கானோ இருக்கட்டும். பிள்ளை மடுவத்தைச் சுற்றி மட்டும் இவற்றில் எதுவும் வேண்டாம், தவழுகிற பிள்ளைக்கு எல்லாமே வாய்க்குத்தான். வெட்டிய இலையை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். களை எடுக்கும்போது வெளியே வந்த கிழங்கைப் படியில் விட்டு எழும்பிப் போகாதீர்கள்.

ஊவாப் பக்கத்தில், பதுளை பண்டாரவளையில் இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு கொஞ்சம் மாறும். உங்களுக்குப் பெரிய வறட்சி ஆனியிலிருந்து ஆவணி வரை, ஆகவே புரட்டாசி ஐப்பசி மழைக்கு மழை லில்லி இன்னொரு தடவை நன்றாகப் பூக்கும். கிழங்கைப் பிரித்து நடுவதற்கு அந்த மழைக்கு முந்திய வாரங்கள் நல்லது. மேற்குப் பக்கத்துக்கு மாசிக் கடைசி. பூ குறைந்து இலை மட்டும் நெருக்கியடித்து வந்தால்தான் பிரிக்க வேண்டும், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை.

லயத்தை விட்டுத் தனிக் காணியில் புது வீட்டுக்கு மாறிப்போகிற குடும்பங்கள் பழைய வாசலிலிருந்து கிழங்கு கொண்டுபோக ஆசைப்படுவார்கள். இலை காய்ந்த பிறகு தோண்டி, மண்ணைத் தட்டி, நிழலில் நாலைந்து நாள் உலர்த்துங்கள். பிறகு சாக்குப் பையில் போட்டு, 'பூக்கிழங்கு, சாப்பிடக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டுங்கள். பையைக் குசினியில், வெங்காயம் தொங்குகிற ஆணியில் மாட்டாமல் இஸ்தோப்பில் உயரமாகக் கட்டுங்கள். முதல் இடி கேட்குமுன் நட்டுவிட்டால், புது வாசலில் அந்த வருஷமே பூக்கும்.